ரோகிணியின் வயிற்றில் தேவகியின் பிள்ளை

பாக்கெட் பால் வாங்கும் வீட்டில் மாட்டைப் பற்றி என்ன பேச்சு என்கிறீர்களா, சகோதரி? தாம்பரத்தை அடுத்த சேலையூர், முடிச்சூர்ப் பக்கம் விடியற்காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு கொட்டகை, இரண்டு பசுக்கள், கையில் செம்புடன் ஓர் அம்மாள்!

அந்த அம்மாளின் பெரிய கவலை, பசு சினைப்பட வேண்டுமே என்பதுதான். ஒரு பருவம் தவறினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். தீனிச் செலவோ நிற்பதில்லை. நாலைந்து தடவை தவறிவிட்டால், வளர்த்த பசுவைக் கண்ணீரோடு விற்க வேண்டியதுதான்.

பெரிய விஞ்ஞானிகளுக்கும் இதே கவலைதான் என்றால் நம்புவீர்களா?

சோதனைக் குழாய்க் குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் 1978-ல் முதல் குழந்தை பிறந்தது. 1981-ல் அமெரிக்காவில் 'வர்ஜில்' என்ற கன்று அதே முறையில் பிறந்தது. நம் நாட்டில் 1990-ல், கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 'பிரதம்' என்ற எருமைக் கன்று பிறந்தது.

முறை இதுதான். நிறையப் பால் கறக்கும் உயர்ந்த பசுவிடமிருந்து மெல்லிய ஊசியால் சினைமுட்டைகளை எடுக்கிறார்கள். ஒரு நாள் முதிர விட்டு, காளையின் விந்துடன் சேர்த்து, 38.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இன்குபேட்டரில் வளர்க்கிறார்கள். ஏழாம் நாள், கருவைச் சாதாரணப் பசு ஒன்றின் கருப்பையில் குடியேற்றுகிறார்கள். தேவகியின் ஏழாவது கர்ப்பம் ரோகிணியின் வயிற்றுக்கு மாறிய கதை உங்களுக்குத் தெரியாததா? மத்திய சர்க்கார் 2014-ல் தொடங்கிய கோகுல் திட்டத்தில் இந்த முறையும் சேர்ந்திருப்பது பொருத்தந்தான்!

ஆனால் பலன் எளிதில் கிட்டுவதில்லை. 100 முட்டைகளில் சுமார் 30 கருவாகத் தேறினாலே நல்லது. அந்த 30-ஐயும் 30 பசுக்களுக்கு வைத்தால், 10 அல்லது 12 பசுக்கள் சினையாகலாம். இதை எப்படி உயர்த்துவது?

முதல் எதிரி வெயில். கத்திரியில் பசுவின் உடல் கொதித்தால் முட்டைகள் கெடும். கோடை கழிந்தும் சில வாரங்களுக்கு அந்தப் பாதிப்பு இருக்கும். எனவே குளிர்ந்த மாதங்களில் முட்டை எடுப்பது நல்லது. பிஞ்சுக் கருவுக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள் சூடு ஆகவே ஆகாது. ஏழாம் நாள் கரு சற்றுத் தாங்கும். ஆகவே நம் ஊர்க் கோடைக்கு இந்த முறையில் ஓர் அனுகூலமும் உண்டு: ஆபத்தான நாட்களைக் கரு இன்குபேட்டரிலேயே கழித்துவிடுகிறது!

அடுத்தது போஷாக்கு. சுமக்கும் பசுவுக்குப் பசுந்தீவனமும், தாது உப்பும், நிழலும், குளிர்ந்த தண்ணீரும் குறைவில்லாமல் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தேதி. கருவுக்கு வயது ஏழு நாள் என்றால், சுமக்கும் பசுவும் பருவத்துக்கு வந்து ஏறக்குறைய ஏழு நாள் ஆகியிருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கணக்குப் பிசகினால் அத்தனை பாடும் வீண். பருவத்தின் அடையாளங்களோ அரை நாள் இருந்தால் அதிகம். அதுவும் பெரும்பாலும் இரவில்! பசு காரணமின்றிக் கத்தும், தீனியில் முகம் வைக்காது, மற்ற மாடு மேலே தாவினால் நகராமல் நிற்கும். பருவத்தை ஊசி போட்டு வரவழைத்தாலும், அது வந்ததா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். இரவில் எழுந்து பார்ப்பது யார்? டாக்டரா? அந்த அம்மாள்தான்!

மாடு வைத்திருக்கும் உறவினர் யாரேனும் உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள்: வண்டலூர் தாண்டி, காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; அங்கே யோசனை கேட்கலாம். போகும்போது, பசு பருவத்துக்கு வந்த தேதிகளைக் கட்டாயம் குறித்துக்கொண்டு போகட்டும்.

சினை ஊசியானாலும் சரி, சோதனைக் குழாய்க் கருவானாலும் சரி, தினசரிக் காலண்டரில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் போடும் அந்தச் சிறு பென்சில் வட்டம் இல்லாவிட்டால், லட்ச ரூபாய் இயந்திரமும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.