பென்சில் டப்பாவுக்குள் ஓர் இழைப்புளி

உங்கள் பென்சில் டப்பாவில் இருக்கும் ஷார்ப்னரை எடுத்து உற்றுப் பாருங்கள். சாய்வாக ஒரு பிளேடு. அதை இறுக்கிப் பிடிக்க ஒரு திருகு. சீவல் வெளியே வர, பிளேடின் முனையருகே ஒரு சின்ன இடைவெளி. தச்சர் பலகையை வழவழப்பாக்கும் இழைப்புளியிலும் இந்த மூன்றுதான் இருக்கின்றன. பாம்பேய் நகரம் கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்ததே, அங்கே தோண்டியபோதும் இழைப்புளிகள் கிடைத்தன. திருகுக்குப் பதில் ஆப்பு; மற்றபடி அப்போதும் இதே அமைப்புதான்!

எனக்குத் தச்சு வேலை பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மொட்டை மாடியில் பலகையும் இழைப்புளியுமாக உட்கார்ந்துவிடுவேன். என்னுடையது பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. அமெரிக்காவின் லியனார்ட் பெய்லி 1860-களில் உருவாக்கிய மாதிரி. 1869-இல் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய காப்புரிமைகளை வாங்கிக்கொண்டது. அதற்கு முந்தைய மர இழைப்புளிகளில் தகட்டை, அதாவது பிளேடை, ஏற்றி இறக்கக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். பெய்லி அதற்கு ஒரு திருகு வைத்தார். திருகத் திருக, தகடு மயிரிழை மயிரிழையாக இறங்கும்.

வாங்கியபோது தகடு முழுக்கத் துரு. ஓர் இரவு வினிகரில் ஊறப்போட்டேன். துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்த பொருள். வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். காலையில் தேய்த்தால் கறுப்புச் சேறாக வழிந்துவிடும். அப்படியே விட்டால் மிச்ச அமிலம் நல்ல இரும்பையும் தின்னும் என்பதால், சமையல் சோடா கரைத்த நீரில் கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி வைக்க வேண்டும்.

இனிமேல்தான் சுவாரசியமே. மரம் என்பது கல்லைப் போல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான பொருள் அல்ல. வேரிலிருந்து மேலே நீர் ஏற்றிய நுண்குழாய்களும் நார்களும் நெருக்கமாக ஒட்டிக் கிடக்கும் கட்டு அது; ஈர்க்குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய விளக்குமாறு மாதிரி. பலகையை அறுக்கும்போது இந்த நார்கள் அதன் பரப்புக்குச் சரியாக இணையாக அமைவது அபூர்வம். கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். நார்கள் மேல்நோக்கிச் சாயும் திசையிலேயே இழைத்தால் "சர்ர்" என்று நீளமாகச் சுருள் வரும். எதிர்த்திசையில் தள்ளினால் கூர்முனை நார்களுக்கு அடியில் புகுந்து நெம்பும். வெட்டுவதற்கு முன்பே மரம் பிளந்து, சிராய் சிராயாகப் பெயர்ந்து, பள்ளம் விழும். சத்தமே மாறிவிடும். எங்கள் தெரு ஆசாரி அடுத்த வீட்டிலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மரம் எதிர்க்குது தம்பி, பலகையைத் திருப்பிப் போடு!" என்று குரல் கொடுப்பார். எந்தப் பக்கம் இழைப்பது என்பதைப் பலகையின் பக்கவாட்டில் ஓடும் கோடுகளின் சாய்வைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

தேக்கு பெரும்பாலும் நேர் நார் ஓடும் மரம், சொன்னபடி கேட்கும். ஆனால் அதற்குள் சிலிக்கா இருக்கிறது. மணலில் இருப்பதும் அதுதான். அதனால் தேக்கை இழைத்தால் தகடு சீக்கிரம் மழுங்கும். மழுங்கியதைச் சுற்றும் சாணையில் வைத்து அவசரமாகத் தீட்டினால் இன்னொரு வம்பு. உராய்வில் எஃகு சூடேறி, முதலில் வைக்கோல் நிறம் காட்டும். சுமார் 300 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நீலமாகிவிடும். அந்த நிறம் எஃகின் மேல் படரும் மெல்லிய ஆக்சைடு படலத்தால் வருவது. நிறத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். நீலமான இடம் தன் கடினத்தை இழந்துவிட்டது, கூர் அங்கே நிற்காது. ஆகவே நான் கையால், தட்டையான கல்லில், எண்ணெய் விட்டு மெதுவாகத்தான் தீட்டுகிறேன். (இதையெல்லாம் நீங்கள் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.)

வேம்பு வேறு ரகம். வளரும்போது அதன் நார்கள் சில வளையங்களுக்கு ஒரு பக்கமும், அடுத்த சில வளையங்களுக்கு மறுபக்கமும் சாய்ந்து முறுக்கிக்கொள்ளும். அதனால் ஒரே பலகையில் ஒரு பட்டை இந்தத் திசையைக் கேட்கும், பக்கத்துப் பட்டை எதிர்த்திசையைக் கேட்கும். பலகையைத் திருப்பிப் போட்டும் பயனில்லை. அங்கேதான் தகட்டின் முதுகில் திருகி வைத்திருக்கும் இன்னொரு தகடு உதவிக்கு வருகிறது. கூர்முனை சீவலைத் தூக்கியவுடனே அது இந்த மேல்தகட்டில் மோதி மடங்கிவிடும். மடங்கிய சீவலால் நாரை நெம்பித் தூக்க முடியாது; பிளவு உள்ளே ஓடுவதற்குள் கூர்முனை வெட்டிவிடும். ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தில் காவாய், காட்டோ என்ற ஆய்வாளர்கள் இதை நெருக்கமாகப் படம்பிடித்துக் காட்டினார்கள். மேல்தகட்டின் விளிம்பு கூர்முனையிலிருந்து தள்ளி இருந்தால் பயனில்லை. 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு, அதாவது ஒரு தாளின் கனம் அளவுக்கு நெருங்கினால்தான் வேலை செய்யும். நானும் அப்படி நெருக்கி வைத்து வேப்பம் பலகையில் தள்ளியபோது, சுருண்டு வந்த சீவல் விறைத்து நேராக எழுந்து நின்றது. பலகையில் சிராயே இல்லை.

இழைப்புளியின் அடிப்பாகத்தில் அவ்வப்போது மெழுகுவர்த்தியால் இரண்டு கோடு கிழித்துக்கொள்வேன். உராய்வு குறைந்து, கை வலிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அடிப்பாகத்தின் நீளத்துக்கும் காரணம் உண்டு. 24 செ.மீ. நீளமுள்ளது பலகையின் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்கிவிடும். 56 செ.மீ. நீளமுள்ளதோ பள்ளத்தைத் தொடாமல் மேடுகளை மட்டும் சீவும், பலகை மட்டமாகும்.

நூறு பலகை செய்ய வேண்டுமென்றால் மின்சார மிஷின்தான் சரி, சந்தேகமில்லை. ஆனால் இழைத்த பலகையையும் உப்புத்தாளில் தேய்த்த பலகையையும் பக்கத்தில் வைத்து ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். உப்புத்தாள் ஆயிரம் கீறல்களைப் போட்டு, நுண்குழாய்களின் வாயைத் தூளால் அடைத்திருக்கும். அதனால் வெளிச்சம் பட்டுச் சிதறி, பரப்பு மங்கலாகத் தெரியும். கூரான தகடு குழாய்களைச் சுத்தமாக வெட்டிவிடுவதால், எண்ணெயோ வார்னிஷோ தடவும் முன்பே அந்தப் பலகை மினுங்கும்.