பல்கலைக்கழகத்தின் புதிய வாயில்

பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவி ஒரு பல்கலைக்கழகத்தின் வாயிலை முதன்முதலில் எங்கே காண்கிறாள்? முன்பெல்லாம் விண்ணப்பப் படிவம் வாங்க வரிசையில் நின்றபோது கண்டாள். இன்றோ அவ்வாயில் இணையத்தளமாகி, அவள் கையில் உள்ள கைப்பேசிக்கே வந்துவிட்டது. விண்ணப்பம், கட்டணம், விடுதி வசதி, கடைசி நாள், தேர்வு முடிவு ஆகிய யாவும் இன்று அங்கேதான் வெளியாகின்றன. அத்தளம் செவ்வனே அமையாவிடில், தகுதி இருந்தும் ஒருத்தி தன் இடத்தை இழக்க நேரிடும். ஆகவே, இத்தகைய தளம் எவ்வாறு உருவாகின்றது என்பதை நாமும் அறிந்துகொள்வது நலம்.

மூன்று வரிப் பக்கம்

வையவிரிவு வலை என்னும் திட்டத்தை 1989-ஆம் ஆண்டு முன்வைத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவா நகரருகே உள்ள 'செர்ன்' ஆய்வுக்கூடத்தில் அவர் அப்போது பணியாற்றி வந்தார். 1991 செப்டம்பரில் அங்குச் சென்ற பால் குன்ஸ் என்ற இயற்பியல் அறிஞர் அதனைக் கண்டு வியந்தார். அவர் பணிபுரிந்தது, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தும் 'ஸ்லாக்' ஆய்வுக்கூடம். ஊர் திரும்பியதும் அங்கிருந்த நூலகர் லூயிஸ் ஆடிஸ் அம்மையாரிடம் செய்தியைக் கூறினார்.

இயற்பியல் ஆய்வுக் கட்டுரைகளின் பெரும் பட்டியல் ஒன்று அவ்வம்மையாரின் பொறுப்பில் இருந்தது. தொலைவில் உள்ள ஆய்வாளர்களும் அதனை எளிதில் தேட இதுவே வழி என்று அவர் உடனே உணர்ந்து, இப்பணியை ஊக்கத்துடன் முன்னெடுத்தார். 1991 டிசம்பர் 12 அன்று வட அமெரிக்காவின் முதல் வலை வழங்கி அங்கே இயங்கத் தொடங்கியது. அதன் முகப்பில் இருந்தவை மூன்றே வரிகள்! படமில்லை, வண்ணமில்லை. ஆனால் வந்தவர் தேடிய பட்டியலுக்கு நேரே செல்லும் இணைப்பு இருந்தது.

கேட்பது ஒன்று, கிடைப்பது வேறொன்று

பின்னாளில் படங்களும் வண்ணங்களும் பெருகின. 2010-ஆம் ஆண்டு ராண்டல் மன்ரோ என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் இரு வட்டங்களை வரைந்தார். ஒன்றில் பல்கலைக்கழகத் தளங்களின் முகப்பில் இருப்பவை: வளாகப் படங்கள், தலைவரின் கடிதம் போன்றவை. மற்றொன்றில் மக்கள் தேடி வருபவை: விண்ணப்பப் படிவம், கல்வி நாட்காட்டி, பாடப் பட்டியல், ஆசிரியரின் தொலைபேசி எண். இரு வட்டங்களுக்கும் பொதுவாக இருந்தது பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர் மட்டுமே! நகைப்புக்குரியதாயினும் வடிவமைப்போர்க்கு இது நல்ல பாடமன்றோ?

தளம் அமைக்கும் முறை

வீடு கட்டுமுன் அதில் வாழப்போகிறவரைக் கேட்பது போல, தளம் அமைக்குமுன் அதனைப் பயன்படுத்துவோரைக் கேட்க வேண்டும். செய்திகளின் தலைப்புகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதி மாணவர்களிடம் கொடுப்பார்கள். அவர்கள் எவற்றை ஒன்றாகச் சேர்க்கின்றனரோ அதையொட்டித் தளத்தின் பிரிவுகள் அமையும். அலுவலகத் துறைகளின் வரிசைப்படி அமைத்தால், எந்தத் துறையைத் தேடுவது என்றறியாத புதியவர் திகைத்து நிற்பார்.

அடுத்தது கட்டுமானம். 'எச்.டி.எம்.எல்.' என்னும் குறிமொழி, இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று கணினிக்கு உணர்த்துகிறது. 'சி.எஸ்.எஸ்.' அதற்கு வண்ணமும் வடிவமும் தருகிறது. 'ஜாவாஸ்கிரிப்ட்' பக்கத்தை இயங்கச் செய்கிறது. முதலாவதை எலும்பு என்றும், இரண்டாவதைத் தோற்றம் என்றும், மூன்றாவதைத் தசை என்றும் கூறலாம். தேர்வு முடிவுகள் போன்றவை தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டு, கேட்கும்போது எடுத்துத் தரப்படுகின்றன. முடிவு வெளியாகும் நாளில் ஒரே நேரத்தில் பலர் நுழைவர். வழங்கியின் வலிமையை அதற்கேற்ப முன்கூட்டியே பெருக்கி வைத்தல் வேண்டும்.

நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒருவரே திருத்த இயலாது. ஆகவே ஒவ்வொரு துறையினரும் தத்தம் செய்தியைத் தாமே பதிய உதவும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் 'ட்ரூபல்' 2001-இல் வெளியாயிற்று. பெல்ஜிய நாட்டு மாணவர் ஒருவர் விடுதித் தோழர்களுடன் செய்தி பரிமாறிக்கொள்ள எழுதிய சிறு நிரலே பின்னர் அதுவாக வளர்ந்தது!

எல்லார்க்கும் திறந்த வாயில்

கண் பார்வையற்ற மாணவி தளத்தை எவ்வாறு படிப்பாள்? திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் எழுத்துகளைப் பேச்சாக மாற்றித் தரும். ஆனால் படத்திற்கு மாற்றுரை எழுதப்படவில்லையெனில், படத்தில் உள்ளதை அவள் அறிய முடியாது. சுற்றறிக்கையைப் புகைப்படமாகப் பதித்தால் அவளுக்கு அது வெற்றிடமே. மங்கிய எழுத்தும் பலருக்கு இடர் தரும். திரையில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தின் வேறுபாடு 21-க்கு 1 என்று கணக்கிடுவர். சாதாரண எழுத்துக்கு அது 4.5-க்கு 1-க்குக் குறையலாகாது என்பது 2008-இல் வெளியான பன்னாட்டு நெறியின் விதி.

இதனைப் புறக்கணித்தால் என்னாகும்? காது கேளாதோர் பயன்படுத்தத்தக்க வசன வரிகள் இல்லை என்பது உள்ளிட்ட குறைகளை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இலவச விரிவுரைக் காட்சிகளில் அமெரிக்க நீதித்துறை 2016-இல் சுட்டிக்காட்டியது. குறையைத் திருத்துவதற்கு மாறாக, 2017-இல் 20,000-க்கும் மேற்பட்ட விரிவுரைகளைப் பொதுமக்கள் பார்வையினின்று பல்கலைக்கழகம் நீக்கிவிட்டது. கேளாதோர்க்கும் பயனில்லை, கேட்போர்க்கும் இழப்பு! 2022-இல்தான் தன் இணையப் பாடங்களை யாவரும் பயன்படுத்துமாறு திருத்த அது உடன்பட்டது. தொடக்கத்திலேயே செய்ய வேண்டியதைப் பின்னர் செய்வது எத்துணைக் கடினம் என்பதற்கு இதுவே சான்று.

தோழியரே! தளம் திறப்பு விழாவோடு வேலை முடிவதில்லை. முடிந்துபோன கடைசி நாளும், மாறிவிட்ட தொலைபேசி எண்ணும் நாள்தோறும் திருத்தப்பட வேண்டும். கல்லூரியில் இடம் தேடி இத்தகைய தளங்களுக்குள் நாமும் விரைவில் நுழைவோம். நம்மில் சிலர் நாளை அவற்றை அமைக்கவும் கூடும். அப்போது, தொலைதூரச் சிற்றூரில், வீட்டார் கைப்பேசியை ஒரு மணி நேரம் இரவல் பெற்று, கட்டண விவரம் தேடும் மாணவி ஒருத்தியை மனத்தில் கொள்வோமாக! அவளுக்கு எளிதாய் அமையும் தளம் எல்லார்க்கும் எளிதாய் அமையும்.