சூளையில் விழும் மைக்கறை

சுருட்கடதாசியில் அச்சிடும் வெப்ப ஒப்செற் இயந்திரத்தில், மை பதிந்த கடதாசி சூளையினூடே வெப்பக் காற்றில் எதனையும் தொடாது மிதந்து செல்லல் வேண்டும். அங்கே மையிலுள்ள எண்ணெய் ஆவியாகும். பின்னர் குளிர் உருளைகளில் மை இறுகும்.

கறை தோன்றியவுடன் வெப்பத்தை உயர்த்துவது எப்போதும் பரிகாரமாகாது. மிகை வெப்பம் கடதாசியின் ஈரத்தைப் போக்கி, மடிப்பிலே வெடிக்கச் செய்யும்.

முதலிற் கறையை அளத்தல் நன்று. உருளையின் சுற்றளவுக்குச் சமமான இடைவெளியில் அது திரும்பத் திரும்ப வருமாயின், குற்றம் அவ்வுருளையினது. 20 சதமமீற்றர் விட்டமுள்ள உருளைக்கு அவ்விடைவெளி ஏறக்குறைய 63 சதமமீற்றர். இயந்திரத்தை நிறுத்தி அதனைத் துடைத்தல் வேண்டும். கறை நீண்ட கோடாக இழுபட்டிருப்பின், கடதாசி சூளையின் காற்றுவாயில் உரசியிருக்கலாம். இழுவிசை தளர்ந்ததா, காற்றுவாய் அடைபட்டதா, மேலும் கீழும் வீசும் காற்று சமனற்றதா என ஆராய்தல் வேண்டும்.

காரணம் அறிந்து கைவைப்பவனே ஆயிரக்கணக்கான பிரதிகளைக் காப்பான்.