ஃபயர்வால் வைத்த அன்று இணையம் வராவிட்டால்

வீட்டு இணையத்துக்கென்று தனியாக ஒரு ஃபயர்வால் வைப்பது இன்று பெரிய அலுவலகங்கள் மட்டும் செய்யும் வேலையாக இல்லை. விசிறி இல்லாத ஒரு சின்னக் கணினி, அதன் முதுகில் இரண்டோ நான்கோ கேபிள் போர்ட்டுகள், உள்ளே இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள். கருவி இவ்வளவுதான். ஆனால் அதை இணைய நிறுவனம் தந்த மோடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் செருகிய உடனே, பலர் வீட்டில் இணையம் மொத்தமாக நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் போராடிவிட்டுப் பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவோர் உண்டு. எல்லாவற்றையும் அனுமதிக்கும்படி ஒரு விதியை எழுதிவிட்டுத் தப்பித்தோம் என்று நினைப்போரும் உண்டு. இரண்டாவது வழி முதலாவதைவிட ஆபத்தானது.

இரண்டுமே தேவையில்லை. முதல் நாள் கோளாறுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலும் அவற்றுக்கும் ஃபயர்வாலின் காவல் வேலைக்கும் சம்பந்தமே இருக்காது. முகவரி, லாகின், பெயர் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று சரியாக அமையாததுதான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு கோளாறும் தனக்கே உரிய அடையாளத்தைக் காட்டும். கேபிளில் தொடங்கி ஒவ்வொரு படியாகச் சோதித்துக்கொண்டே போனால் எது என்று பிடிபட்டுவிடும்.

எதற்கு இந்தப் பெட்டி?

2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. அது குறிவைத்தது கணினிகளை அல்ல. வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கண்காணிப்பு கேமராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள் ஆகியவற்றை. ஆலையிலிருந்து வரும்போதே இருக்கும் பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் சுமார் 60-ஐ அது கையில் வைத்திருந்தது. இணையத்தில் கண்ணில் பட்ட கருவிகளிலெல்லாம் அவற்றைப் போட்டுப் பார்த்து உள்ளே நுழைந்தது. அப்படிப் பிடிபட்ட கருவிகள் சேர்ந்து அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையப் பெயர்ச் சேவையான டி.என்.எஸ். வழங்கும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. தங்கள் வீட்டு கேமராவும் அதில் பங்கெடுத்தது அதன் உரிமையாளர்கள் பலருக்குத் தெரியவே வாய்ப்பில்லை.

ஃபயர்வாலின் அடிப்படை வேலை, வெளியிலிருந்து தானாகத் தொடங்கும் தொடர்புகளை உள்ளே விடாமல் இருப்பது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு கணினி வெளியே ஏதாவது கேட்டால், யார், எங்கே, எந்தப் போர்ட் எண்ணில் கேட்டார்கள் என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. அதற்கான பதில் வரும்போது அட்டவணையில் பொருத்தம் இருந்தால் உள்ளே அனுப்புகிறது. இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுகிறது. வீட்டுப் பயனர்களிடம் செல்வாக்குப் பெற்ற பி.எஃப்.சென்ஸ், ஓ.பி.என்.சென்ஸ் என்ற இரண்டு ஃபயர்வால் மென்பொருள்களும் இந்த வேலைக்கு நம்பியிருப்பது பி.எஃப். என்ற வடிகட்டியை. அதை டேனியல் ஹார்ட்மையர் 2001-ல் ஓப்பன் பி.எஸ்.டி. இயங்குதளத்துக்காக எழுதினார். மானுவல் காஸ்பர் 2003-ல் வெளியிட்ட மோனோவால் என்ற சிறு மென்பொருளிலிருந்து பி.எஃப்.சென்ஸ் கிளைத்தது, அதிலிருந்து 2015-ல் ஓ.பி.என்.சென்ஸ் பிரிந்தது.

இவற்றை நிறுவிய உடனேயே, வெளியிலிருந்து வருவதெல்லாம் தடுக்கப்பட்டும், உள்ளிருந்து போவதெல்லாம் அனுமதிக்கப்பட்டும்தான் இருக்கும். ஆகவே முதல் நாளில் விதிகளைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. இணையம் வரவில்லை என்றால் வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

ஒரு கேபிள், ஒரு கணினி

வைஃபை, தொலைக்காட்சி, கேமரா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு மடிக்கணினியைக் கேபிள் மூலம் ஃபயர்வாலின் 'லேன்' என்ற உள்பக்கப் போர்ட்டில் செருகுங்கள். மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது பழைய வழியிலேயே இணையத்தைப் பிடித்துக்கொண்டு உங்களைக் குழப்பும்.

இப்போது கணினிக்குக் கிடைத்த ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் அதற்கு யாருமே முகவரி தரவில்லை, தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். பெரும்பாலும் கேபிள் தவறான போர்ட்டில் இருக்கும். பல சிறு கணினிகளில் பெட்டியின் மேல் அச்சிட்ட வரிசையும் மென்பொருள் போர்ட்டுகளை எண்ணும் வரிசையும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு திரையையும் விசைப்பலகையையும் பெட்டியில் மாட்டி, கேபிளை ஒவ்வொரு போர்ட்டாகச் செருகி எடுத்தால், எது உயிர்பெறுகிறது என்று திரையில் தெரியும். கண்டுபிடித்த உடனே ஒட்டுத்தாளில் எழுதிப் போர்ட்டின் மேல் ஒட்டிவிடுங்கள்.

முகவரி சரியாக வந்துவிட்டால் பிரவுசரில் ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கத்தை 192.168.1.1 என்ற முகவரியில் திறக்கலாம். "இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை வரும். பெட்டி தனக்குத்தானே சான்றிதழ் எழுதிக்கொண்டதால் வரும் எச்சரிக்கை இது. கேபிளின் மறுமுனையில் இருப்பது உங்கள் பெட்டிதான் என்பது உறுதியாகத் தெரியும் என்பதால், இந்த இடத்தில் மட்டும் தொடரலாம். உள்ளே போனதும் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. ஆலைக் கடவுச்சொல்லை அப்படியே விட்டவர்கள்தான் மிராய்க்கு இரையானார்கள்.

இரு பக்கமும் ஒரே எண்

வீட்டுக்குள் பயன்படுத்துவதற்கென்றே 1996-ல் மூன்று எண் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன: 10-ல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168-ல் தொடங்குபவை. யாரும் யாரையும் கேட்காமல் இவற்றை எடுத்துக்கொள்ளலாம். வசதிதான், ஆனால் பல நிறுவனங்களின் பெட்டிகள் 192.168.1.1 என்ற அதே எண்ணைத் தேர்ந்துகொண்டன.

இணைய நிறுவனத்தின் ரவுட்டரும் ஃபயர்வாலும் இந்த எண்ணோடே வந்தால், ஃபயர்வாலின் இரு பக்கமும் ஒரே வலையமைப்பாகிவிடும். ஒரே ஊரில் இரண்டு காந்தி தெரு இருந்தால் தபால்காரர் எங்கே போவார்? அதே திண்டாட்டம்தான் பெட்டிக்கும். ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கம் அழகாகத் திறக்கும், விளக்குகள் எல்லாம் எரியும், ஆனால் வெளியே எதுவும் போகாது. புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான்.

தீர்வு எளிது. ஃபயர்வாலின் உள்பக்க முகவரியை 192.168.50.1 போல வேறொன்றாகவும், அது கணினிகளுக்கு வழங்கும் முகவரிகளை அதே வரிசைக்கும் மாற்றிவிடுங்கள். மாற்றிச் சேமித்த நொடியே பக்கம் உறைந்துபோகும். அது கோளாறல்ல, கணினி இன்னும் பழைய முகவரியிலேயே நிற்கிறது. கேபிளைக் கழற்றி மறுபடி செருகினால் புதிய முகவரி கிடைக்கும். பிறகு புதிய எண்ணில் பக்கத்தைத் திறக்கலாம்.

வெளிவாசல்

அடுத்து, ஃபயர்வாலின் முகப்புப் பக்கத்தில் 'வேன்' என்ற வெளிப்பக்கப் போர்ட்டுக்கு என்ன முகவரி வந்திருக்கிறது என்று பாருங்கள். எதுவும் வரவில்லை என்றால், இணைய நிறுவனம் எந்த முறையில் முகவரி தருகிறது என்று அறிய வேண்டும். சில நிறுவனங்கள் கேட்டவுடன் தந்துவிடும். பி.எஸ்.என்.எல். ஃபைபர் போன்ற இணைப்புகளில் பி.பி.பி.ஓ.இ. என்ற முறையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து லாகின் செய்ய வேண்டும். அந்த விவரம் இதுவரை நிறுவனத்தின் ரவுட்டருக்குள்ளேயே இருந்திருக்கும். ஆகவே பெட்டியை மாற்றுவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபயர்வாலே லாகின் செய்ய வேண்டுமானால் ஃபைபர் மோடத்தை, தரவை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும். சில இடங்களில் வி-லேன் என்ற வலைப்பிரிவு எண் ஒன்றும் கேட்கும். அதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இட்டும் வரவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். சில நிறுவனங்கள் முதலில் பார்த்த கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு, வேறு கருவி கேட்டால் மறுக்கும். அல்லது பழைய ரவுட்டரின் லாகின் நிறுவனத்தின் பக்கம் இன்னும் முடிந்ததாகக் கணக்காகியிருக்காது. மோடத்தைச் சில நிமிடம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி போடுவது இரண்டுக்கும் பலமுறை உதவும். அப்படியும் வராவிட்டால் பழைய ரவுட்டரின் மேக் முகவரியை ஃபயர்வாலின் அமைப்பில் எழுதிப் பார்க்கலாம்.

வந்த முகவரி 100.64 முதல் 100.127 வரை இருந்தால், பல வீடுகளுக்குப் பொதுவான ஒரு முகவரியின் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள். இணையம் பார்ப்பதற்கு இது தடையில்லை. வெளியூரிலிருந்து வீட்டு கேமராவை நேரடியாகப் பார்க்கும் திட்டம் இருந்தால் மட்டும் இது குறுக்கே நிற்கும். ஃபயர்வாலில் எத்தனை போர்ட் திறந்தாலும் அது நடக்காது.

எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை

கணினியிலிருந்து 8.8.8.8-க்கு பிங் அனுப்புங்கள். பதில் வந்தால் பாதை திறந்துவிட்டது. அதன் பிறகும் தளங்கள் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.தான் குற்றவாளி.

இங்கே பலர் சந்தேகிக்காத ஒரு காரணம் உண்டு: கடிகாரம். பெட்டிக்குள் காசு போல இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பெட்டி சில ஆண்டுகள் பின்னால் போய்விடும். டி.என்.எஸ். பதில்களில் உள்ள கையொப்பங்களைச் சரிபார்க்கும் வசதி இயங்கினால், அந்தத் தவறான தேதியில் எந்தக் கையொப்பமும் செல்லாது. எந்தப் பெயருக்கும் விடை வராது. சரியான நேரத்தைக் கேட்டு வாங்கலாம் என்றால், நேரம் தரும் சர்வரையும் பெயரால்தான் தேட வேண்டும். பெயருக்கு நேரம் வேண்டும், நேரத்துக்குப் பெயர் வேண்டும் என்று பெட்டி முடங்கிவிடும். தேதியைக் கையால் ஒருமுறை சரிசெய்து, பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

பாதி திறக்கும் பக்கங்கள்

சில பக்கங்கள் உடனே திறக்கின்றன, வேறு சில சுற்றிக்கொண்டே இருக்கின்றன என்றால் அளவுச் சிக்கலைச் சந்தேகியுங்கள். ஈதர்நெட் ஒரு பொட்டலத்தில் 1500 பைட்டுகளைச் சுமக்கும். பி.பி.பி.ஓ.இ. அதில் 8 பைட்டுகளைத் தன் தேவைக்கு எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. இதை அறியாத பெரிய பொட்டலங்கள் வழியில் விழுந்துவிடுகின்றன, சின்னவை தப்பித்துவிடுகின்றன.

இதை நீங்களே சோதிக்கலாம். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1464 பைட் பிங் ஒன்றும், 1472 பைட் பிங் ஒன்றும் அனுப்புங்கள். பிங்கின் தலைப்புகள் 28 பைட் என்பதால், முதலாவது சரியாக 1492 ஆகிறது, இரண்டாவது 1500 ஆகிறது. முதலாவதுக்குப் பதில் வந்து இரண்டாவதுக்கு வரவில்லை என்றால், பாதையின் அகலம் 1492 என்று கொள்ளலாம். வேன் பக்க அமைப்பில் எம்.டி.யு. என்ற கட்டத்தில் அந்த எண்ணை இடுங்கள்.

பழைய ரவுட்டரை வைஃபைக்குப் பயன்படுத்தினால்

பல ஃபயர்வால் பெட்டிகளில் வைஃபை இருக்காது. பழைய ரவுட்டரையே அதற்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யை நிறுத்த வேண்டும், அதன் முகவரியைப் புதிய எண் வரிசைக்குள் மாற்ற வேண்டும், ஃபயர்வாலிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருக வேண்டும். டி.எச்.சி.பி.யை நிறுத்த மறந்தால், ஒரே வீட்டில் இருவர் முகவரி வழங்குவார்கள். சரியானதைப் பெற்ற கைபேசியில் இணையம் வரும், மற்றதில் வராது. இன்றைக்கு இதில், நாளைக்கு அதில் என்று மாறிக்கொண்டே இருக்கும் கோளாறு பெரும்பாலும் இதுதான்.

கூடுதல் போர்ட் ஒன்றைக் கேமராக்களுக்கெனத் தனியாக ஒதுக்குவது நல்ல பழக்கம். லேன் போர்ட்டுக்குத் தானாக வரும் அனுமதி விதி அதற்கு வராது. நீங்கள் எழுதும்வரை அங்கிருந்து எதுவும் வெளியே போகாது. உள்ளிருந்து போவதை ஃபயர்வாலே தடுப்பது இந்த ஒரு இடத்தில்தான். பதிவேட்டைத் திறந்தால் எந்த முகவரி, எந்தப் போர்ட் எண்ணுக்குப் போக முயன்று தடுக்கப்பட்டது என்று வரி வரியாகத் தெரியும். அதைப் பார்த்து, தேவையானதை மட்டும் அனுமதியுங்கள்.

தொடங்கும் முன், முடித்த பின்

பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்போ, வீட்டில் யாருக்காவது அலுவலகக் கூட்டமோ இல்லாத நேரத்தில் இந்த வேலையைத் தொடங்குங்கள். பழைய ரவுட்டரின் அமைப்பை அழிக்காமல் வைத்திருங்கள். தேவைப்பட்டால் சில நிமிடங்களில் திரும்பிப் போகலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, உடனே சோதித்துப் பாருங்கள். மூன்றை மாற்றிய பிறகு சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது; அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் அமைப்புக் கோப்பைத் தரவிறக்கி வேறிடத்தில் சேமியுங்கள். நிர்வாகப் பக்கத்தை ஒருபோதும் வெளிப்பக்கத்துக்குத் திறந்துவிடாதீர்கள். போர்ட்டுகளின் பெயர், உள்முகவரி, லாகின் முறை, வி-லேன் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி விளக்குங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் இணையம் நின்றால், அவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கேபிளிலிருந்து தொடங்கிச் சோதிக்க முடியும்.