கறுப்பு கிடைக்காத வண்ணப்பெட்டி

ஸ்டாம்புகளை ஒட்டிப் படம் செய்யும் கொலாஜ் கலைஞருக்குச் சிவப்பு தாராளமாகக் கிடைக்கும், பச்சையும் நீலமும் அப்படியே. கறுப்புதான் தட்டுப்பாடு. அதற்கான காரணம் 1840இல் இருக்கிறது. உலகின் முதல் ஒட்டும் ஸ்டாம்பான பென்னி பிளாக் அந்த ஆண்டு மே மாதம் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்தது. கறுப்பு ஸ்டாம்பின் மேல் சிவப்பு மையால் முத்திரை குத்தினார்கள். முத்திரை கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. அதை அழித்துவிட்டு ஸ்டாம்பை மறுபடி ஒட்டவும் சிலருக்கு முடிந்தது. அடுத்த ஆண்டே ஸ்டாம்பைச் செந்நிறமாக்கி, முத்திரை மையைக் கறுப்பாக்கிவிட்டார்கள். கறுப்பு முத்திரை பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் அடியில் இருக்கும் நிறம் வெளிறியதாக இருக்க வேண்டும். அதனால்தான் முழுக் கறுப்பு ஸ்டாம்புகள் பின்னாளில் அபூர்வமாயின. ஒரு முகத்தின் தலைமுடிக்கும் கண்மணிக்கும் நிழலுக்கும் வேண்டிய கருமையைக் கலைஞர் எங்கிருந்து எடுப்பார்? முத்திரையிலிருந்தேதான். மை அடர்த்தியாக விழுந்த ஸ்டாம்புகளை அவர் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறார். சேகரிப்பாளர் அழுக்கென்று தள்ளும் ஸ்டாம்பு இவருக்கு நிழல். இந்தக் கலைக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். பொறுமை கோலம் போடவும் வேண்டும். இந்தக் கலையைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது பொருளறிவு: தாள், மை, பசை, ஒளி நான்கையும் பற்றிய தொழில்நுட்ப அறிவு. அதனாலேயே இது வேர்விடத் தகுந்த மண் சென்னைக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டை என்று வாதிட எனக்குத் துணிவு வருகிறது.

கலை புதிதல்ல. ஸ்டாம்பு பிறந்த ஓரிரு ஆண்டுகளிலேயே, தன் ஒப்பனை அறையின் சுவர் முழுவதும் ஒட்டுவதற்குப் பயன்படுத்திய ஸ்டாம்புகள் வேண்டுமென்று ஓர் இளம்பெண் லண்டன் டைம்ஸில் விளம்பரம் கொடுத்தார். பதினாறாயிரம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதாகவும் அதில் சொல்லியிருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவிலும் ஜப்பானிலும் பெண் உருவங்களுக்கு ஸ்டாம்புத் துண்டுகளால் ஆடை உடுத்திய அஞ்சலட்டைகள் விற்பனையாயின. நம் காலத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபாக்ஸ்பரோ பள்ளி மாணவர்கள், நாஜிகளின் இனப்படுகொலையில் மாண்டவர்களின் நினைவாக உயிருக்கு ஒன்று என்று 1.1 கோடி ஸ்டாம்புகளைச் சேர்த்து, அவற்றைக் கொண்டு கொலாஜ் படங்களும் செய்தார்கள். இவற்றில் எனக்கு முக்கியமாகப்படுவது இந்தக் கடைசிச் செயல். ஒவ்வொரு ஸ்டாம்பும் யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு எழுதியதன் தடயம். எண்ணிக்கையை உணர்த்த அதைவிடப் பொருத்தமான பொருள் அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்திருக்காது.

இனி கண்ணின் கணக்குக்கு வருவோம். சாதாரணப் பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்தறியாது. அதன்படி ஒரு மில்லிமீட்டர் அகலக் கோடு ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தூரத்தில் கரைந்துவிடும். அந்தத் தூரத்தில் ஸ்டாம்பின் எழுத்தும் விலையும் நுண்கோடுகளும் மறைந்து, ஒரே நிறமுள்ள ஒரு சில்லு மட்டும் மிஞ்சும். ஆனால் இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தச் சில்லே கரைந்துபோக வேண்டுமானால் பார்ப்பவர் எழுபது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எந்த வீட்டிலும் கூடத்திலும் அது நடக்காது. ஆகவே கலைஞர் இரண்டு பார்வைகளுக்காக வேலை செய்கிறார்: நான்கு மீட்டரில் படம், நாற்பது சென்டிமீட்டரில் ஸ்டாம்பு. ஒரு முகத்தை அடையாளம் காண எத்தனை சில்லுகள் போதும் என்பதற்கும் ஒரு விடை உண்டு. பெல் ஆய்வகத்தின் லியோன் ஹார்மன் 1973இல் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சுமார் 250 சாம்பல் நிறக் கட்டங்களாக்கிக் காட்டினார். தள்ளி நின்றவர்கள் லிங்கனைக் கண்டுகொண்டார்கள். நம் ஊர்ச் சிறிய ஸ்டாம்பு ஏறக்குறைய இரண்டுக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வரிசைக்கு 14 வீதம் 18 வரிசை. 28 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் உயரமும் உள்ள அட்டையில் ஒரு முகம் அடங்கிவிடும். ஹார்மனின் சோதனை இன்னொன்றையும் காட்டியது. கட்டங்களின் கூரான விளிம்புகளே முகத்தை மறைக்கின்றன. விளிம்பை மழுக்கினால் முகம் தெளிகிறது. தேர்ந்த கலைஞர்கள் ஸ்டாம்புகளைச் சாய்த்தும், ஒன்றின்மேல் ஒன்று ஏற்றியும், குறுக்கே வெட்டியும் ஒட்டுவது இதற்காகத்தான்.

ஒட்டுவதற்கு முன்னால் தண்ணீர் வேலை இருக்கிறது. உறையிலிருந்து ஸ்டாம்பை உரிக்கக் கூடாது. சுற்றிலும் கொஞ்சம் தாள் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் பசை கரைந்து ஸ்டாம்பு தானாக வழுக்கி விலகும். சிவப்பு, பழுப்பு உறைத்துண்டுகளைத் தனிப் பாத்திரத்தில் போட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றின் சாயம் பாத்திரத்திலுள்ள அத்தனை ஸ்டாம்புகளையும் கறையாக்கிவிடும். சில பழைய மைகள் வேண்டுமென்றே நீரில் கரையும்படி செய்யப்பட்டவை. பிரிட்டன் 1883-84இல் ஊதா, பச்சை நிறங்களில் வெளியிட்ட ஒரு வரிசை அப்படிப்பட்டது. முத்திரையைக் கழுவப் பார்ப்பவன் ஸ்டாம்பையே இழக்க வேண்டும் என்பது திட்டம். நனைந்த தாள் எல்லாத் திசையிலும் ஒரே அளவு விரிவதில்லை. தாளின் நார்கள் நீளத்தைவிடக் குறுக்கே அதிகம் பருக்கும் என்பதால் ஒரு பக்கம் கூடுதலாக நீளும், காயும்போது சுருங்கும். ஈரம் முழுதாகக் காயாத ஸ்டாம்பை அட்டையில் ஒட்டினால் அட்டை வளைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்தத் தொழிற்பட்டையில் காற்றே ஈரத் துணியாக இருக்கும். வெட்டும் வேலையும் தரம்பிரிக்கும் வேலையும் அப்போது, ஒட்டும் வேலை தை பிறந்த பிறகு என்று ஆண்டைப் பிரித்துக்கொள்வது நல்லது. பசையிலும் கவனம் வேண்டும். மைதாப் பசையைப் பூச்சி தின்னும். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது பைண்டிங் கடைகளின் பழைய வழக்கம், ஆனால் துத்தத்திலுள்ள செம்பு நாளடைவில் தாளின் நாரையே அரிக்கும். மெத்தில் செல்லுலோஸ் பசைக்குப் பூச்சி வராது; தேவைப்பட்டால் நனைத்து எடுத்துவிடவும் முடியும்.

தொழிற்பட்டையை நான் இழுத்து வருவது நிறத்துக்காக. ஒரு காரின் கதவு இரும்பு, பம்பர் பிளாஸ்டிக். இரண்டுக்கும் தனித்தனியாகப் பெயின்ட் அடித்தாலும் வண்டி வெளியே வரும்போது ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். டியூப் லைட்டில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பூச்சுகள் வெயிலில் வேறுபட்டு நிற்கலாம். நிறமிகள் வேறாக இருந்தால் அப்படித்தான் நடக்கும். அதனால்தான் வாகனத் தொழிலில் பகல் வெளிச்சத்தை ஒத்த விளக்குப் பெட்டியில் வைத்து நிறம் பார்க்கிறார்கள். ஸ்டாம்புக் கலைஞரின் தலைவலியும் அட்சரம் பிசகாமல் இதுவே. இன்றைய தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. புற ஊதா ஒளி பட்டால் அது நீலமாக மினுங்கும். ஐம்பதுகளின் தாளில் பெரும்பாலும் அது கிடையாது. இரவு விளக்கில் ஜோடி சேர்த்த இரு வெள்ளைகள் காலை வெளிச்சத்தில் நீலமும் பழுப்புமாகப் பிரிந்துவிடும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இலும் ஒரகடத்தில் 2010க்குப் பிறகும் எழுந்த வாகன ஆலைகள், நிறம் பார்க்கும் கண்ணைப் பயிற்சியாகப் பெற்ற ஒரு தலைமுறையை இந்தப் பகுதியில் உருவாக்கியிருக்கின்றன. அவர்களுக்கு ஏற்ற ஸ்டாம்புகளும் உண்டு. நயா பைசா அறிமுகமான 1957 ஏப்ரலில் தொடங்கிய இந்திய வரைபட வரிசையில் படம் ஒன்றே, விலைக்கு விலை நிறம் வேறு. நிற அட்டை தயாரிக்க அதற்கு மிஞ்சியது இல்லை. 1955 ஐந்தாண்டுத் திட்ட வரிசையில் டிராக்டர், விசைத்தறி, சித்தரஞ்சன் ரயில் எஞ்சின், பெங்களூர் விமானத் தொழிற்சாலை என்று ஒரு நாடு தன் இயந்திரக் கனவை வரிசைப்படுத்தி அச்சிட்டிருக்கிறது. ஒரகடத்துச் சுவர் ஒன்றில் அவை இடம்பெறுவதைவிடப் பொருத்தம் வேறென்ன?

சேகரிப்பாளர்கள் இதை ஒப்பமாட்டார்கள். வரலாற்றை வெட்டிச் சிதைக்கிறீர்கள் என்பார்கள், அதில் பாதி நியாயமும் இருக்கிறது. 1948இல் காந்திக்காக வெளியான நான்கு ஸ்டாம்புகளில் கத்தரி வைப்பவரைக் கலைஞர் என்று அழைக்க நானும் தயாரில்லை. பழைய உறையில் இன்று இல்லாத ஒரு கிராம அஞ்சலகத்தின் முத்திரை தெளிவாக விழுந்திருந்தால், அந்த உறை முழுதாகவே காப்பாற்ற வேண்டிய ஆவணம். ஆனால் நாள்தோறும் கடிதங்களில் ஒட்டுவதற்காகத் திரும்பத் திரும்ப அச்சிட்ட சாதாரண ஸ்டாம்புகள் வேறு கதை. மூலை கிழிந்ததும் பல் உடைந்ததும் முதுகுத் தாள் உரிந்ததுமான ஸ்டாம்பை எந்த ஆல்பமும் ஏற்காது. 1967இல் தொடங்கிய மேச்சின் வரிசையில் எலிசபெத் அரசியின் ஒரே தலை ஏராளமான நிறங்களில், கோடிக்கணக்கில் வந்தது. பிரிட்டனின் கொலாஜ்காரர்கள் அதில்தான் கைவைக்கிறார்கள், யாருக்கும் நட்டமில்லை. சட்டம் கவலைப்படுவதும் வேறொன்றைப் பற்றி. அரசுக்கு இழப்பு உண்டாக்கும் நோக்கத்துடன் முத்திரைக் குறியை அழிப்பதைப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 263ஆம் பிரிவு குற்றமென்றது. முத்திரையை நிழலாகப் போற்றி வைக்கும் கலைஞருக்கு அதை அழிக்கும் தேவையே கிடையாது.

கணினி ஒரு நிமிடத்தில் செய்துவிடுமே என்பது இன்னொரு கேள்வி. செய்யும், ஆயிரம் சிறு படங்களால் ஒரு பெரிய படத்தை நிரப்பும் மென்பொருள் தொண்ணூறுகளிலிருந்தே இருக்கிறது. அதைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் தவறும் இல்லை. ஆனால் கணினி ஒரே சில்லை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும். கலைஞரிடம் அந்த நீலம் நாற்பதுதான் இருக்கும். அதிலும் பன்னிரண்டில் முத்திரை நடுவே விழுந்திருக்கும், ஐந்தில் நிறம் வெளுத்திருக்கும். வானத்துக்குச் செலவழித்தால் சேலைக்கு இல்லை. கையிருப்பை எந்த இடத்துக்கு ஒதுக்குவது என்ற இந்த முடிவுதான் படத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது, அதை வரைவு முழுவதையும் மனத்தில் ஏந்தியவரே எடுக்க முடியும்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது: மூலப்பொருளே தீர்ந்துவருகிறதே? உண்மை. அதற்கு ஸ்ரீபெரும்புதூரே ஒரு காரணம். 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை இங்கே கைபேசிகளைக் கோடிக்கணக்கில் செய்து குவித்தது; இப்போது ஃபாக்ஸ்கான் ஐஃபோன் செய்கிறது. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்தவர்கள் ஊருக்குக் கடிதம் எழுதுவதில்லை, பேசிவிடுகிறார்கள். அஞ்சலகத்துக்குப் போனாலும் கவுன்டரில் பார்கோடு அச்சிட்ட துண்டுச்சீட்டைத்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் வரத்து குறைந்ததால் இருப்பு அழிந்துவிடவில்லை. பரண்களிலும் பழைய அலுவலகக் கோப்புகளிலும், எடைபோட்டு விற்கும் வியாபாரிகளிடமும் இருப்பது பல தலைமுறைக்குக் காணும். கேட்பார் இல்லாவிட்டால்தான் அது கரையானுக்குப் போகும். கலைஞர் கேட்டு வாங்கும் ஒவ்வொரு கட்டும், பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் தப்பிய கட்டு. பிரிக்கும்போது நடுவே ஆவண மதிப்புள்ள உறை அகப்பட்டால் சேகரிப்பாளருக்குத் தெரியப்படுத்தட்டும். இரு தரப்பும் பகையாளிகளாக இருக்கத் தேவையில்லை.

செய்து முடித்த படத்தைக் காப்பதிலும் இந்தப் பட்டைக்குப் பங்கு உண்டு. ஸ்டாம்பு மைக்கு ஒளி பெரிய எதிரி. காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஜன்னலோர அறையின் வெளிச்சம் அதைப்போலப் பல மடங்கு. சாதாரணக் கண்ணாடிச் சட்டம் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை மட்டுமே நிறுத்தும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி எனும் பிளாஸ்டிக் படலம் வைத்து அழுத்திய லேமினேட்டட் கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். காரின் முன்கண்ணாடி அந்த வகைதான். செயின்ட் கோபெய்ன் ஆலை இருக்கும் ஊரில் கண்ணாடி அறிந்தவர்களுக்குப் பஞ்சமும் இல்லை. கண்ணாடி படத்தைத் தொடாதபடி உள்ளே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் மழைக்கால ஈரத்தில் ஸ்டாம்பு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஆலையில் ஒவ்வோர் உதிரிபாகத்துக்கும் அது எந்தத் தொகுதியில், எந்தத் தேதியில் வந்தது என்று சீட்டு ஒட்டுவதுபோல, சட்டத்தின் முதுகிலும் ஒரு சீட்டு இருக்க வேண்டும்: எத்தனை ஸ்டாம்புகள், எந்தெந்த வரிசை, எந்தப் பசை, எந்த அட்டை, ஒட்டிய ஆண்டு. முப்பது ஆண்டு கழித்து அதில் ஒரு ஸ்டாம்பு உதிர்ந்தால், சரிசெய்பவர் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான்.