அநீதி என்று எதைச் சொல்வோம்?

நாம் அன்றாடம் வழங்கும் சொற்களுள் மிகவும் தேய்ந்துபோனவை எவை என்று எண்ணிப் பார்த்தால், 'அநீதி', 'அநியாயம்' என்னும் இரண்டும் முன்வரிசையில் நிற்கும். தக்காளி விலை ஏறினால் அநியாயம். ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கூடக் கேட்டால் அநியாயம். திருவிழாத் தேர் புறப்படும் வேளையில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் அநியாயம். 'அநியாயத்துக்கு நல்லவர்' என்று ஒருவரைப் புகழவும் இச்சொல்லையே எடுத்துக்கொள்கிறோம். மிகுதி என்பதற்கே அது மாற்றுச் சொல்லாகிவிட்டது.

இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்றும் நம்மிடையே உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடாமலே ஒப்பந்தக்காரர் காணாமற்போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவள் வீட்டார் 'தலையெழுத்து' என்பர். அண்டை வீட்டார் 'கெட்ட நேரம்' என்பர். பக்தியுள்ளோர் 'ஆண்டவர் தந்த சிலுவை, பொறுத்துக்கொள் மகளே' என்பர். அநீதி என்ற சொல் உண்மையிலேயே தேவைப்படும் அந்த இடத்தில் அதனை உச்சரிப்பார் இல்லை. மழைக்குச் சூட்டிய பெயரை, மனிதர் செய்த தவற்றுக்குச் சூட்டத் தயங்குகிறோம்.

மண்ணூர் முதலாக ஒரகடம் வரை தொழிற்சாலைகளை அண்டி வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. எதனை அநீதி என்று அழைக்கிறோமோ அதனைத் திருத்த முற்படுவோம். எதனை விதி என்று அழைக்கிறோமோ அதனை அப்படியே விட்டுவிடுவோம். எனவே இச்சொல்லின் பொருளையும் வழக்கையும் சற்றே ஆராய்ந்து தெளிவது நலம்.

சொல்லும் பொருளும்

'நீதி' வடமொழியினின்று வந்த சொல். அதன் வேருக்கு 'நடத்திச் செல்லுதல்' என்பது பொருள். நேரிய வழியில் நடத்துவது நீதி. அவ்வழியினின்று விலகுவது அநீதி. நம் தமிழ் முன்னோர் இதனை 'முறை' என்றனர். துன்புற்றவன் அரசனிடம் சென்று தன் குறையைச் சொல்வதற்கு 'முறையிடுதல்' என்று பெயர். வெறுமனே அழுவது முறையீடு ஆகாது. இன்ன முறை மீறப்பட்டது என்று எடுத்துரைப்பதே முறையீடு. நேர்மையான ஆட்சிக்குச் செங்கோல் என்றும், வளைந்த ஆட்சிக்குக் கொடுங்கோல் என்றும் அவர்கள் பெயரிட்டனர்.

வள்ளுவப் பெருந்தகை செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அரசருக்குரிய பகுதியில் அடுத்தடுத்து வைத்தார். ஆனால், நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தை இல்லறவியலில் வைத்தார். நீதி அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டும் உரியதன்று, குடும்பத்தாருக்கும் உரியது என்பது இதனால் விளங்கும்.

திருச்சபையின் பேராசிரியரான புனித தோமா அக்குவினாரோ, பண்டைய உரோமைச் சட்ட அறிஞர்களின் வழிநின்று, அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிக்கும் நிலையான மனவுறுதியே நீதி என்று விளக்கினார். அங்ஙனமாயின், 'இது அநீதி' என்று கூறத் துணிபவர் மூன்று வினாக்களுக்கு விடை வைத்திருக்க வேண்டும். துன்புற்றவருக்கு உரியது எது? அதனை மறுத்தவர் யார்? அவர் வேறு விதமாக நடந்திருக்கக் கூடுமா? மழையை நோக்கி இவ்வினாக்களைக் கேட்க இயலாது. சம்பளம் கொடாத ஒப்பந்தக்காரரை நோக்கிக் கேட்க இயலும், கேட்கவும் வேண்டும்.

திராட்சைத் தோட்ட வேலையாட்கள்

மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் வரும் உவமையை நாம் நன்கறிவோம். விடியற்காலையில் வந்தவர்களுக்கும் மாலையில் வந்தவர்களுக்கும் உரிமையாளர் ஒரே கூலி கொடுக்கிறார். முந்தி வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். உரிமையாளரோ, தாம் அநீதி ஏதும் செய்யவில்லை என்று மறுக்கிறார். பேசிய ஒரு தெனாரியம் குறைவின்றி அவர்கள் கைக்கு வந்துவிட்டது. அடுத்தவன் அதிகம் பெற்றதால் இவர்களுக்கு உரியதில் ஒரு காசும் குறையவில்லை. மனக்கசப்பு வேறு, அநீதி வேறு என்பதை இவ்வுவமை கற்பிக்கிறது.

ஆயினும் இதே உவமையைக் காட்டி, 'பேசிய கூலிக்கு மேல் கேட்காதே' என்று தொழிலாளியின் வாயை அடைப்பது தகாது. 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல் இதனைத் தெளிவுறுத்தியது. இருவர் ஒத்துக்கொண்டார்கள் என்பதனாலேயே ஒரு கூலி நீதியான கூலி ஆகிவிடாது. தொழிலாளி சிக்கனமாக வாழ்ந்தும் உயிர்வாழப் போதாத கூலியை, வேறு வழியின்றியோ அச்சத்தாலோ அவன் ஏற்றுக்கொண்டால், அங்கே அநீதி நடந்திருக்கிறது என்பதே அம்மடலின் போதனை. 2025ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, அந்த லியோவையும் அவர்தம் சுற்றுமடலையும் நினைவுகூர்ந்தே இப்பெயரைத் தாம் ஏற்றதாகக் கூறினார்.

தீர்ப்பும் நீதியும்

'நீதிமன்றம் என்ன சொல்கிறதோ அதுதான் நீதி' என்பார் பலர். நாட்டின் சட்டத்தை மதித்தல் நம் கடமை. எனினும் தீர்ப்பு என்பதும் நீதி என்பதும் இரு சொற்கள். இரண்டும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். கூலியாகச் சற்றுக் கூடுதல் நெல் கேட்டதே அப்பகுதிப் பூசலுக்கு மூலகாரணம். கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளர் சிலருக்குத் தண்டனை அளித்தது. 1973ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இன்னார் செய்தார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று மன்றம் கூறலாம். ஆனால், அந்த 44 பேருக்கும் உரிய உயிர் பறிக்கப்பட்டது என்பதை எந்தத் தீர்ப்பும் மாற்றாது. காந்திய நெறியினரான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இதனை விதி என்று விட்டுவிடவில்லை. வெண்மணி மக்களிடையே சென்று உழைத்தனர். 1981ஆம் ஆண்டில் உழுபவர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கி, கீழைத் தஞ்சையின் நிலமற்ற குடும்பங்கள் பலவற்றுக்கு நிலம் கிடைக்கச் செய்தனர். பெயரைச் சரியாகச் சூட்டியவர்களே பரிகாரத்தையும் தேடினர்.

நம் சாலையோரத்தில்

இனி, மேற்கூறிய மூன்று வினாக்களையும் நம் பகுதியில் நிகழ்ந்தவற்றோடு பொருத்திப் பார்ப்போம்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தியை நிறுத்தியது. வரி வழக்கினால் ஆலையின் சொத்து முடக்கப்பட்டிருந்தது. எனவே கைப்பேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு இந்த ஆலை கைமாறவில்லை. வரி கேட்பது அரசின் கடமை. வழக்காடுவது நிறுவனத்தின் உரிமை. சந்தை மாறுவதோ எவர் கையிலும் இல்லை. ஆயினும், இம்முடிவுகளில் எதிலும் பங்கில்லாத ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் வேலையிழந்தனர். இதனை ஒரே ஒருவர் இழைத்த அநீதி என்று விரல்நீட்ட இயலாது. விதி என்று கைவிரிக்கவும் இயலாது. மனிதர் வகுத்த ஏற்பாடுகளின் சுமை, அவற்றை வகுக்காதவர் தோள்மேல் விழுந்தது. இத்தகைய அமைப்புகளைக் குறித்தே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1987ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் 'பாவக் கட்டமைப்புகள்' என்ற தொடரை வழங்கினார்.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்தது வேறு வகை. ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உணவு கெட்டுப்போவது எங்கும் நேரக்கூடிய விபத்துதானே என்று சிலர் கூறினர். ஆனால், தொலைவில் உள்ள விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தாங்கள் விதித்த தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே அறிவித்தது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12ஆம் நாள் மீண்டும் இயங்கத் தொடங்கியது. விடுதிகளைச் சீர்செய்யும் பணி அதற்கிடையே மேற்கொள்ளப்பட்டது. பின்னர்ச் சீர்செய்ய முடிந்ததெனில், முன்னரே சீர்செய்திருக்கவும் முடியும் அன்றோ? மூன்றாம் வினாவுக்கு இதுவே விடை.

அந்நாள்களில் இன்னொன்றும் நேர்ந்தது. நோயுற்ற தோழியர் எங்கே, எப்படி இருக்கின்றனர் என்று கேட்டவர்களுக்கு நம்பத்தகுந்த விடை விரைந்து கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது; பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டனர். எவரும் இறக்கவில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அநீதி என்று குரல் எழுப்புவோர் பொய்யைத் துணைக்கழைத்தல் ஆகாது. அதே வேளையில், பொய்ச்செய்தி ஒன்று பரவியதால் மெய்யான குறை பொய்யாகிவிடுவதும் இல்லை. ஆராயாமல் தீர்ப்பளித்ததே சிலப்பதிகாரத்துப் பாண்டியன் செய்த பிழை. கேட்பவருக்குச் செவிகொடுத்தலும், வினவுபவருக்கு விடை அளித்தலும் மனிதருக்கு உரியவற்றுள் அடங்கும்.

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள்கள் நீடித்தது. ஊதிய உயர்வும் சங்க அங்கீகாரமும் தொழிலாளர் கேட்டவை. ஊதியம் எவ்வளவு உயர வேண்டும் என்பதில் நல்லவர்களிடையேயும் கருத்து வேறுபாடு இருக்கலாம். கேட்டது முழுவதும் கிடைக்காமற்போனால் அதுவே அநீதி ஆகாது. சங்கம் அமைப்பதோ அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு குடிமக்களுக்கு உறுதியளிக்கும் உரிமை. 'ரேரும் நோவாரும்' ஆதரித்துப் பேசும் உரிமையும் அதுவே. அச்சங்கத்தின் பதிவு, உயர் நீதிமன்றம் வரை சென்ற பின்னர், 2025 ஜனவரியில்தான் கைகூடியது. கோரிக்கை வேறு, உரிமை வேறு. கோரிக்கையைப் பேசித் தீர்க்கலாம். பேசுவதற்கே இடம் தராமை அநீதி.

நம் இல்லங்களில்

அன்பார்ந்த குடும்பத்தாரே, ஆலைகளை நோக்கிக் கேட்ட வினாக்களை நம் வாசலிலும் கேட்க வேண்டாமா? இந்தச் சாலையோரத்துக் கிராமங்களில் இன்று வாடகை அறை கட்டாத தெரு அரிது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் அவற்றில் தங்குகிறார்கள். ஓர் அறையில் எத்தனை பேரைப் படுக்கவைக்கிறோம்? மின்சாரத்துக்கு யூனிட் ஒன்றுக்கு என்ன வாங்குகிறோம்? அவர்கள் காலி செய்யும்போது முன்பணம் முழுவதும் திரும்புகிறதா? மொழி தெரியாதவனிடம் முறையிட வாய் இல்லை என்பது நமக்குச் சலுகை ஆகிவிடக் கூடாது.

நிலத்தின் விலை ஏறியபின், உடன்பிறந்த பெண்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் வழக்கமும் பெருகியுள்ளது. 'அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோமே' என்று சமாதானம் சொல்கிறார்கள். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பதே 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் விதி. மகள் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் அது அன்பு. அண்ணன்மார் முகம் திருப்பிக்கொள்வார்கள், பிறந்தகத்துப் படி ஏற முடியாது என்ற அச்சத்தால் கையொப்பமிட்டால், பதின்மூன்றாம் லியோ கூலியைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும். இதனைக் குடும்ப வழக்கம் என்று அழைக்கலாம். நீதி என்று அழைக்க முடியாது.

ஆகவே அநீதி என்னும் சொல்லை மழைக்கும் வெயிலுக்கும் வீணாக்காதிருப்போம். உரியதை இழந்து நிற்பவர் நம்முன் வரும்போது, சிலுவை என்றும் விதி என்றும் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பாதிருப்போம். அவருக்கு உரியது எது, மறுத்தவர் யார், எவ்வாறு திருத்தலாம் என்று உடனமர்ந்து கேட்போம். மறுத்தவர் நாமே என்று விடை வருமாயின், அன்று மாலைக்குள் உரியதை உரியவர் கையில் சேர்ப்போமாக.