விளைமீன் வளர்ப்பு: எல்லையோரக் கடற்கரை எழுப்பும் கேள்விகள்

புதுதில்லி: கடலில் கிடைக்கும் மீன் குறைந்து வருவதால் கடலிலேயே மீன் வளர்க்க வேண்டும் என்பது தலைநகரில் கட்சி வேறுபாடின்றி ஒலிக்கும் பேச்சு. 2020-இல் ரூ.20,050 கோடி மதிப்பீட்டில் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கூண்டு மீன் வளர்ப்புக்கு இடம் உண்டு. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தனிப் பொருளாதார மண்டல மீன்பிடி விதிகளும் அதை ஊக்குவிக்கின்றன. எந்த மீனை, யார், யாருடைய கடலில் வளர்ப்பது என்பதுதான் தீராத வழக்கு. கேரளத்தின் தென்கோடியான நெய்யாற்றின்கரை வட்டத்தில் இதைத் தெளிவாகக் காணலாம்.

பாறசாலையை அடுத்த பொழியூர், பூவாறு மீனவக் கிராமங்களுக்கு வடக்கே, அதே கரையில் விழிஞ்சம் இருக்கிறது. 1947-இல் மண்டபத்தில் தொடங்கப்பட்டு, இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் ஒன்று அங்கு இயங்குகிறது. செவுளோரம் சிவந்திருக்கும் ஒரு வகை விளைமீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்துக் குஞ்சு பொரித்தவர்கள் இம்மையத்தின் விஞ்ஞானிகள்.

இது எளிதான வேலையன்று. விளைமீன் குடும்பத்தில் பல இனங்கள் பெண்ணாக வாழ்வைத் தொடங்கிப் பின்னர் ஆணாக மாறுபவை. தாய்மீன் தொட்டியில் இரு பாலையும் உரிய கணக்கில் சேர்ப்பதற்கே பொறுமை வேண்டும். நீரைச் சுழற்சி முறையில் தூய்மை செய்து, ஹார்மோன் கொடுத்து, முட்டையிடச் செய்தாலும் பாதிக் கிணறு தாண்டியதாகவே பொருள். பொரிக்கும் குஞ்சின் வாய் மிகச் சிறியது. கோப்பிபோடு எனும் மிதவை நுண்ணுயிரைத் தனியே வளர்த்து, அதன் இளம்பருவத்தை ஊட்ட வேண்டும்.

கடல் வளர்ப்புக்கு முன்னுரிமை தரத்தக்க 76 மீன், சிப்பி, இறால் வகைகளை அந்நிறுவனம் 2017-இல் பட்டியலிட்டது. சந்தை விலை, வளரும் வேகம், குஞ்சு கிடைக்கும் வாய்ப்பு ஆகியவை உரைகற்கள். 2010-இல் மண்டபத்தில் குஞ்சு பொரிக்கப்பட்ட கடல் விரால் ஏழெட்டு மாதங்களில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். 2011-இல் வந்த வெள்ளிப் பொம்பானோ அதே காலத்தில் அரைக் கிலோ அளவை எட்டும். உப்பு குறைந்த நீரையும் தாங்கும் என்பதால் பூவாற்றுக் கழிமுகம் போன்ற இடங்களுக்கும் ஏற்றது. கடல் விராலின் வேகம் விளைமீனுக்குக் கிடையாது. சந்தையில் அதற்குள்ள மதிப்பே அதன் பலம்.

ஆய்வுக்கூடத்தின் உரைகற்கள் இத்துடன் முடிந்துவிடுகின்றன. கரையில் வேறு சில உண்டு.

முதலாவது தீனி. இவை அனைத்தும் பிற உயிர்களைத் தின்று வளர்பவை. தொழிற்சாலைத் தீவனம் வாங்க வழியில்லாதவர் மலிவான சிறு மீன்களையே போடுவார்; ஒரு கிலோ மீன் வளரப் பல கிலோ சிறு மீன் வேண்டும். கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,297 டன்னாகச் சரிந்ததை மீனவர்கள் மறக்கவில்லை. ஏழையின் தட்டிலிருந்து மத்தியை எடுத்து, உணவு விடுதிக்குப் போகும் மீனுக்கு ஊட்டுவதை வளர்ச்சி என்று சொல்வது கடினம்.

இரண்டாவது காலநிலை. விரிகுடாவின் மறைவு இல்லாத திறந்த கரை இது. தென்மேற்குப் பருவமழையில் அலை சீறும்போது கூண்டைக் கரையேற்றியாக வேண்டும். 2017-இல் ஒக்கிப் புயல் வாரிச் சென்ற உயிர்களின் நினைவு இங்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாவதுதான் அரசியல். 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநில அதிகாரத்தில் வருவது. நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டுடன் சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியது; 1956 மாநிலச் சீரமைப்பில் அது கேரளத்தில் நின்றது. பொழியூரை ஒட்டிய நீரோடி குமரி மாவட்டமாயிற்று. விசைப்படகுத் தடையே இரண்டு விதம்: கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் 52 நாள், குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் 61 நாள். இதில் கூண்டுகளுக்குக் கடலை ஒரு மாநிலம் குத்தகைக்கு விட்டால், அடுத்த கிராமத்து வள்ளம் எதைச் சுற்றிப் போகும்? 2019-இல் வெளியான தேசியக் கடல் வளர்ப்புக் கொள்கையின் வரைவு, இடம் ஒதுக்கிக் குத்தகைக்கு விடுவதைப் பேசியது.

விழிஞ்சம் துறைமுகத்துக்கு எதிராக 2022-இல் நான்கு மாதங்களுக்கு மேல் போராடிய மக்கள், கடலில் கோடு போடும் எந்தத் திட்டத்தையும் ஐயத்துடன்தான் பார்ப்பார்கள். அந்த ஐயத்துக்கு இன்னொரு காரணம் கரமடி. ஊரே கூடி, கரையில் நின்று இழுக்கும் அந்த வலைக்குத் தடையற்ற கரைக்கடல் வேண்டும். சிறு முதலீட்டில் கூண்டு போட ஏற்றதும் அதே கரைக்கடல்தான்.